பம்பை நிறுத்திய பிறகும் வெளியே வரும் சோடியம்: ஒரு பார்னக்கிள் தசை நாரின் வழக்கு

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஒரே ஒரு தசை நார். அதற்குள் கதிரியக்க சோடியத்தைச் செலுத்தியாகிவிட்டது. நார் கடல்நீரில் தொங்குகிறது. சில நிமிடத்துக்கு ஒருமுறை அந்த நீரை மாற்றி, எடுத்த நீரில் எவ்வளவு கதிரியக்கம் வந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டே போகிறோம். எண்ணிக்கை சீராக இறங்கி வருகிறது. செல்லிலிருந்து சோடியத்தை வெளியே தள்ளும் சவ்வுப் புரதம்தான் சோடியம் பம்பு. இப்போது அதை முடக்கும் ஊவாபெயின் என்ற பொருளைக் கடல்நீரில் கலக்கிறோம். எண்ணிக்கை விழுகிறது, சரி, எதிர்பார்த்ததுதான். ஆனால் பூஜ்ஜியத்துக்குப் போவதில்லை. கணிசமான ஒரு பங்கு அப்படியே நிற்கிறது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் நாரிலிருந்து சோடியம் வந்துகொண்டேதான் இருக்கிறது.

அந்த மிச்சம் யார் செய்யும் வேலை? இங்கே எடுத்துக்கொண்ட வழக்கு இதுதான். இதைக் "கசிவு" என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவது சுலபம், பலர் அப்படித்தான் போகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன், கணக்கு பெரியதில்லை, ஒரு தாளில் அடங்கும்.

எந்த நார், எப்படி எடுத்தது

பார்னக்கிள் என்பது பாறையிலும் கப்பலின் அடிப்பக்கத்திலும் சுண்ணாம்புக் கூடு கட்டி ஒட்டிக்கொண்டு வாழும் உயிரி. பார்த்தால் சிப்பி மாதிரி இருக்கும், ஆனால் நண்டு, இறால் எல்லாம் சேர்ந்த ஓட்டுடலிக் கூட்டத்தைச் சேர்ந்தது. அலாஸ்காவிலிருந்து பாஹா கலிபோர்னியா வரை பசிபிக் கரையோரம் வாழும் பலானஸ் நூபிலஸ் அவற்றில் மிகப் பெரிய இனம். கூட்டின் மூடியை உள்ளே இழுத்துப் பிடிக்க அதற்கு ஒரு தசை உண்டு. அந்தத் தசையின் நார்கள் 2 மில்லிமீட்டர் வரை பருமனாக இருக்கின்றன என்று 1963-ல் கிரஹாம் ஹாய்லும் ஸ்மைத்தும் அறிவித்தார்கள். நம் உடம்பில் ஒரு தசை நாரின் பருமன் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். அதனால்தான் இந்த நார் கிடைத்ததும் உடலியங்கியல்காரர்கள் அதை விடவே இல்லை. கண்ணால் பார்த்து, கையால் பிடித்து, உள்ளே குழாய் நுழைத்து வேலை செய்யக்கூடிய ஒற்றைச் செல் அது.

நாரைத் தயார் செய்யும் விதத்தைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு வரும் குழப்பத்தில் பாதி இங்கேயே தொடங்குகிறது. கூட்டை உடைத்து, தசைக்கட்டைப் பிரித்து, ஒரு நாரை மட்டும் தனியாக்குகிறார்கள். ஒரு முனை கூட்டின் அடித்தளத்தில் பிடித்திருந்த அகலமான முனை. மறு முனையில் தசைநாண். அகலமான முனையை வெட்டி, வெட்டிய வாய்க்குள் ஒரு கண்ணாடிக் குழாயைச் செருகி, மேலே நூலால் இறுக்கிக் கட்டுகிறார்கள். தசைநாண் பக்கம் சின்ன எடை ஒன்றைத் தொங்கவிட்டால் நார் செங்குத்தாக நிற்கும். அப்புறம் அதைவிட மெல்லிய கண்ணாடி ஊசியைக் குழாய் வழியாக நாரின் நடு அச்சில் இறக்கி, வெளியே இழுத்துக்கொண்டே வரும்போது சோடியம்-22 கலந்த திரவத்தைத் துளித்துளியாக விட்டு வருகிறார்கள். ஊசி முனை உள்சுவரில் உரசினால் அந்த இடம் சுருங்கி வெளுத்துவிடும். அந்த நாரைத் தூக்கிப் போட வேண்டியதுதான், அதை வைத்துக்கொண்டு எடுத்த எண்ணுக்கு மதிப்பே இல்லை.

சோடியம்-22-இன் அரை ஆயுள் 2.6 ஆண்டுகள், சோடியம்-24-க்கு 15 மணி நேரம். இரண்டையும் பயன்படுத்தலாம். 22 என்றால் சோதனை நடக்கும் சில மணி நேரத்துக்குள் சிதைவைத் திருத்தும் வேலையே வராது.

மாற்றி எடுத்த நீர் ஒவ்வொரு முறையும் ஒரு குப்பிக்குப் போகிறது. ஒவ்வொரு குப்பியிலும் வந்த எண்ணிக்கையை, அந்த நேரத்தில் நாருக்குள் மீதி இருந்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அப்போது கிடைப்பது வெளியேற்றத்தின் வீதம், அதாவது உள்ளே இருப்பதில் நிமிடத்துக்கு எத்தனை பங்கு வெளியே போகிறது என்பது. வெறும் எண்ணிக்கையைப் பார்த்தால் நார் காலியாகிக்கொண்டே வருவதால் எல்லாமே குறைவது போலத்தான் தெரியும்.

உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு

கடல்நீரில் சோடியம் லிட்டருக்குச் சுமார் 450 மில்லிமோல். நாருக்குள் எவ்வளவு என்பதில்தான் சிக்கல். நாரை எரித்துச் சாம்பலாக்கி மொத்த சோடியத்தை அளந்தால் ஓர் எண் வரும். சோடியத்தை மட்டும் உணரும் கண்ணாடி மின்முனையை உள்ளே விட்டுப் பார்த்தால் அதைவிடக் குறைந்த எண் வரும். நண்டு, பார்னக்கிள் நார்களில் இந்த மின்முனை வேலையை ஹிங்கே 1950-களின் கடைசியிலிருந்து தொடர்ந்து செய்தார். இரண்டு எண்ணுக்கும் இடையிலான வித்தியாசத்தில் ஒரு பகுதி நாரின் சவ்வு மடிந்து உண்டாகும் பிளவுகளுக்குள் தங்கியிருக்கும் வெளிநீர் சோடியம், இன்னொரு பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டு சுதந்திரமாக அலையாத சோடியம். சவ்வின் இரு பக்கமும் நடக்கும் இழுபறிக்குக் கணக்கில் வருவது மின்முனை காட்டுவதுதான். இங்கே கணக்குக்காக 15 மில்லிமோல் என்று வைத்துக்கொள்கிறேன்.

வெளியே 450, உள்ளே 15, அதாவது 30 மடங்கு. இந்த வித்தியாசத்தை மின்னழுத்தமாக மாற்றினால் 86 மில்லிவோல்ட். நாரின் உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிட 60 மில்லிவோல்ட் எதிர்மறை. இரண்டும் ஒரே திசையில் சோடியத்தை உள்ளே இழுக்கின்றன, ஆக மொத்தம் 146 மில்லிவோல்ட். ஒரு மோல் சோடியத்தை இதை எதிர்த்து வெளியே தள்ள 14 கிலோஜூல் வேண்டும்.

பம்பு, செல்லின் எரிபொருள் மூலக்கூறான ஏடிபி ஒன்றை உடைத்து மூன்று சோடியத்தை வெளியே அனுப்பி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. மூன்று சோடியத்துக்கு 42 கிலோஜூல். பொட்டாசியம் ஏறக்குறைய சமநிலையில் இருப்பதால் அதற்கு இரண்டு கிலோஜூல் போதும். செல்லுக்குள் ஏடிபி உடைந்தால் 50 முதல் 60 கிலோஜூல் கிடைக்கும். ஆக, மூன்று சோடியம் தாங்கும், நான்கு என்றால் விளிம்புக்கே போய்விடும். இந்தப் பம்பு ஒரு நொதிதான். அதை முதலில் பிடித்ததும் ஓர் ஓட்டுடலியிடம்தான் என்பது எனக்கு எப்போதும் சந்தோஷம் தரும் செய்தி: டென்மார்க்கின் ஆர்ஹுஸில் ஜென்ஸ் ஸ்கோ கரை நண்டின் கால் நரம்புகளை அரைத்து, அதிலிருந்து எடுத்த துணுக்குகள் மக்னீசியத்தோடு சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து இருக்கும்போதுதான் ஏடிபியை வேகமாக உடைக்கின்றன என்று 1957-ல் காட்டினார். 1997-ல் அதற்காக வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

பரப்பளவு என்ற பொறி

மிச்சத்தைத் தேடிப் போவதற்கு முன் இதைத் தாண்டியாக வேண்டும்.

1 மில்லிமீட்டர் பருமன், 3 சென்டிமீட்டர் நீளம் உள்ள நாரை வழவழப்பான உருளை என்று எடுத்துக்கொண்டால் அதன் கொள்ளளவு சுமார் 24 மைக்ரோலிட்டர், மேற்பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உள்ளே 15 மில்லிமோல் செறிவில் சோடியம், நிமிடத்துக்கு நூறில் ஒரு பங்கு வெளியே போகிறது என்று வைத்தால், ஒரு சதுர சென்டிமீட்டர் வழியாக வினாடிக்குச் சுமார் 60 பிக்கோமோல் (ஒரு பிக்கோமோல் என்பது ஒரு மோலில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). கணவாயின் பெரிய நரம்பிழையில் வரும் எண்ணும் பத்துகளில்தான் இருக்கிறது. ஆகா, இரண்டும் ஒரே மாதிரி சவ்வு என்று முடிவு கட்டத் தோன்றும்.

ஆனால் அந்த நார் உருளையே இல்லை. குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் வெளிச்சவ்வு பல இடங்களில் ஆழமாக மடிந்து நாரின் நடுப்பகுதி வரை பிளவுகளாகப் போகிறது, அந்தப் பிளவுகளிலிருந்து இன்னும் மெல்லிய நுண்குழாய்கள் கிளைக்கின்றன. பருமனான நாருக்கு இது அவசியம். மின் சைகை மேற்பரப்போடு நின்றுவிட்டால் நடுவில் இருக்கும் தசைப்பொருள் எப்படிச் சுருங்கும்? இதன் விளைவு என்ன என்றால், சாதாரணமாகச் செல் சவ்வின் மின்தேக்குத்திறன் (மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு, சவ்வின் பரப்பு கூடினால் இதுவும் கூடும்) சதுர சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோஃபாரட் இருக்கும் இடத்தில், 1953-ல் நண்டு நார்களை அளந்த பால் ஃபாட்டுக்கும் பெர்னார்ட் காட்ஸுக்கும் 40-ஐ ஒட்டி வந்தது. கண்ணுக்குத் தெரியும் பரப்பைவிட உண்மையான சவ்வு பல மடங்கு. பார்னக்கிளிலும் இதே கதைதான். உண்மைப் பரப்பு 15 மடங்கு என்று எடுத்தால் நம்முடைய 60 பிக்கோமோல் 4 ஆகச் சுருங்கிவிடும். கணவாயோடு செய்த ஒப்பீடு அங்கேயே காலி. ஓட்டுடலி நார்களின் சோடியப் பாய்வை யாராவது சதுர சென்டிமீட்டருக்கு இவ்வளவு என்று சொன்னால், எந்தச் சதுர சென்டிமீட்டர் என்று முதலில் கேளுங்கள்.

பிளவுகள் நேரத்தையும் குழப்பும். சவ்வைத் தாண்டி வந்த சோடியம் முதலில் பிளவுக்குள் வந்து நிற்கிறது, அங்கிருந்து ஊர்ந்து வெளிநீருக்கு வர வேண்டும். வெளியிலிருந்து போகும் ஊவாபெயினும் அதே சந்து வழியாகத்தான் உள்ளே போயாக வேண்டும். அப்படியென்றால் அந்த மிச்சம் வெறுமனே பிளவில் தேங்கியதுதானோ? நியாயமான சந்தேகம், ஆனால் நிற்காது. நாரின் நடுவிலிருந்து வெளிநீர் வரையிலான தூரத்துக்குச் சோடியம் பரவ எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கணக்கிட்டால், திறந்த நீரில் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், சந்து பொந்துகளின் வளைவுக்கு இடம் கொடுத்தாலும் சில நிமிடங்கள்தான். அரை மணி நேரம் கழித்தும் சமமாக ஓடும் மிச்சத்துக்கு இது காரணமாக முடியாது. ஊவாபெயின் போட்ட முதல் ஐந்து நிமிட எண்ணை மட்டும் வைத்து முடிவு எழுதினால்தான் இந்தப் பொறியில் மாட்டுவோம். கதிரியக்க சோடியத்தை ஊசியால் உள்ளே வைத்ததற்கும் இதுதான் காரணம்: கதிரியக்கக் கடல்நீரில் ஊறவைத்து ஏற்றியிருந்தால் முதலில் பிளவுகள்தான் நிரம்பியிருக்கும்.

கசிவு இல்லை, ஏன் என்றால்

இப்போது முக்கியக் குற்றவாளியாகச் சொல்லப்படும் கசிவு. சவ்வில் சோடியம் நுழையக்கூடிய கால்வாய்கள் இருக்கின்றன, அதில் சந்தேகமில்லை. கால்வாய் இரு பக்கமும் திறந்த வாசல், உள்ளே இருக்கும் கதிரியக்க சோடியம் ஒன்றிரண்டு அந்த வழியாக வெளியே நழுவலாமே என்று கேட்டால், நழுவலாம். எத்தனை என்பதுதான் கேள்வி. 1949-ல் உடலியங்கியலாளர் உஸ்ஸிங் தந்த விதி இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது: ஒவ்வொரு அயனியும் தன்பாட்டில் தனியாக நடக்கும் வழியில், வெளியே போவதற்கும் உள்ளே வருவதற்கும் உள்ள விகிதம் இழுவிசையால் மட்டுமே தீர்மானமாகிறது. 146 மில்லிவோல்ட் இழுவிசைக்கு அந்த விகிதம் ஏறக்குறைய 340-க்கு 1. உள்ளே 340 வந்தால் வெளியே ஒன்று.

நாரின் சோடியம் மாறாமல் நிற்கும்போது மொத்த வரத்தும் மொத்தச் செலவும் சமம். வரத்து முழுவதும் கசிவே என்று தாராளமாக விட்டுக்கொடுத்தாலும், கசிவு வழியாக வெளியே போகும் பங்கு 340-ல் ஒன்று. ஊவாபெயினுக்குப் பிறகு நிற்கும் மிச்சம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான் என்று குறைத்துப் பிடித்தால்கூட, கசிவைவிட அது 34 மடங்கு பெரியது. பொருந்தவே பொருந்தாது. சவ்வு கிழிந்த நாராக இருந்தால் வேறு விஷயம், ஆனால் கிழிந்த நார் 60 மில்லிவோல்ட்டைப் பிடித்து வைத்திருக்காது, அளந்தால் உடனே தெரிந்துவிடும்.

அப்படியானால் மிச்சத்தை வெளியே கொண்டுவருவது சோடியம் தனியாக நடக்காத ஒரு வழி. வேறொன்றோடு கை கோத்து நடக்கும் வழி.

கால்சியத்தோடு கை கோத்து

சோடியம்-கால்சியம் பரிமாற்றி என்ற புரதம் மூன்று சோடியத்தை ஒரு பக்கம் விட்டு ஒரு கால்சியத்தை மறுபக்கம் எடுக்கிறது. பார்னக்கிள் நாருக்குள்ளேயே திரவம் ஓடவிட்டு, சோடியத்தையும் கால்சியத்தையும் சேர்த்து அளந்து, மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தை 1987-ல் உறுதிசெய்தவர்கள் ரஸ்காடோ-புளோரஸும் பிளாஸ்டைனும். சாதாரணமாக அது சோடியத்தை உள்ளே விட்டு, அந்தப் பலத்தில் கால்சியத்தை வெளியே தள்ளும்.

கணக்கைப் பாருங்கள். வெளியே கால்சியம் 10 மில்லிமோல், ஓய்வில் இருக்கும் நாருக்குள் 0.1 மைக்ரோமோல் என்றால் ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம், 145 மில்லிவோல்ட். பரிமாற்றி எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் மின்னழுத்தம் சோடியத்தின் 86-ஐ மூன்றால் பெருக்கி, அதிலிருந்து கால்சியத்தின் 145-ஐ (அதற்கு மின்னூட்டம் இரண்டு என்பதால்) இரண்டால் பெருக்கிக் கழித்தால் வரும்: மைனஸ் 32. நார் மைனஸ் 60-இல் இருக்கிறது. வித்தியாசம் வெறும் 28 மில்லிவோல்ட்! ஒரு சுற்றுக்கு ஒரு மின்னூட்டம்தான் நகர்வதால் முன்னோக்கிய சுற்றுக்கும் பின்னோக்கிய சுற்றுக்கும் உள்ள விகிதம் மூன்றுக்கு ஒன்று. அதாவது மூன்று முறை சோடியத்தை உள்ளே கொண்டுவந்தால் ஒரு முறை வெளியே கொண்டுபோகிறது.

இதுதான் நான் சொல்ல வந்தது. கசிவில் 340-க்கு ஒன்று, பரிமாற்றியில் மூன்றுக்கு ஒன்று. சமநிலைக்கு வெகுதூரத்தில் இருக்கும் வழி ஒருபக்கமாகத்தான் ஓடும், சமநிலைக்குப் பக்கத்தில் இருக்கும் இயந்திரம் இரண்டு பக்கமும் ஓடும், அதன் பின்னோக்கிய ஓட்டம் நம் குப்பியில் எண்ணிக்கையாக வந்து விழுகிறது. பம்பை நிறுத்தினால் இது நிற்காது, ஊவாபெயின் இதைத் தொடுவதே இல்லை.

சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. வெளிநீரில் கால்சியத்தை எடுத்துவிட்டால் வெளியேற்றத்தில் ஒரு பங்கு குறைகிறது, அந்தப் பங்குதான் கால்சியத்துக்கு மாற்றாக வெளியே போனது. வெளிநீரின் சோடியத்துக்குப் பதில் லித்தியத்தை வைத்தால் கால்சியம் வெளியேறுவது குறைகிறது, ஏனென்றால் லித்தியத்தைப் பரிமாற்றி எடுத்துக்கொள்ளாது. இன்னொரு நுணுக்கமும் உண்டு, இதைக் கவனிக்காமல் விட்டால் சோதனை ஏமாற்றிவிடும்: பரிமாற்றி பின்னோக்கி ஓடி சோடியத்தை வெளியே தள்ளும்போதும் உள்பக்கத்தில் கொஞ்சம் கால்சியம் இருந்தால்தான் விழித்துக்கொள்ளும். அந்தக் கால்சியம் எங்கும் நகர்வதில்லை, சாவி மாதிரி இருந்து திறந்துவிடுகிறது. உள்ளே கால்சியத்தை முழுக்க உறிஞ்சி எடுக்கும் பொருளைப் போட்டுவிட்டு "பரிமாற்றியே இல்லை" என்று எழுதினால் தவறாகிவிடும்.

மிச்சம் முழுவதையும் பரிமாற்றி தலையில் கட்டவும் மாட்டேன். நாரின் உட்புற அமிலத்தைச் சரிக்கட்டும் இன்னொரு புரதம் சோடியத்தையும் பைகார்பனேட்டையும் உள்ளே எடுத்துக் குளோரைடை வெளியே விடுகிறது. ரஸலும் போரனும் பிராட்விக்கும் 1983-ல் பார்னக்கிள் நாரில் இதைச் சோடியப் பாய்வோடு சேர்த்து அளந்தபோது, இதுவும் தலைகீழாக ஓடக்கூடியது என்பதற்குச் சான்று கிடைத்தது. கடல்நீரில் பைகார்பனேட் இருந்ததா, அமிலநிலை எவ்வளவு என்று குறித்து வைக்காத சோதனையில் மிச்சத்தைப் பிரித்துப் பங்கு போட முடியாது.

நாருக்கு இதனால் என்ன

நரம்பிழையில் சோடியம் சைகைக்காக வேண்டும். இந்த நார்களில் அப்படி இல்லை. வெளிநீரில் சோடியத்தை எடுத்த பிறகும் நண்டு நார் மின் துடிப்பைக் கொடுப்பதை ஃபாட்டும் காட்ஸும் 1953-லேயே பார்த்துவிட்டார்கள். பார்னக்கிளில் அந்தத் துடிப்பைத் தருவது கால்சியம் என்று 1964-ல் ஹாகிவாராவும் நாகாவும் காட்டினார்கள். சோடியக் கால்வாயை அடைக்கும் டெட்ரோடோடாக்சின் அதை ஒன்றும் செய்யவில்லை. நரம்பு முனை குளூட்டமேட் என்ற சைகைப் பொருளை வெளிவிட்டுத் திறக்கும் கால்வாய்கள் வழியாகச் சோடியம் வருகிறது, அமிலத்தைச் சரிக்கட்டும்போது வருகிறது, பரிமாற்றி வழியாக வருகிறது. வந்ததையெல்லாம் பம்பு ஏடிபி செலவழித்து வெளியேற்றுகிறது. துடிப்புக்கே தேவைப்படாத ஒன்றுக்கு இத்தனை செலவு எதற்கு?

ஊவாபெயின் போட்ட நாருக்குத் திரும்பப் போனால் விடை தெரியும். பம்பு முழுதாக நின்று வரத்து அப்படியே தொடர்ந்தால், உள்ளே சோடியம் நிமிடத்துக்கு நூறில் ஒரு பங்கு ஏறும். முக்கால் மணி நேரத்தில் 15-இலிருந்து 22 மில்லிமோல். அப்போது சோடியத்தின் 86 மில்லிவோல்ட் 76 ஆகிவிடும், பரிமாற்றியின் திருப்புமுனை மைனஸ் 62-க்கு நகரும். நார் இன்னும் மைனஸ் 60-இல்தான் நிற்கிறது. அந்த நிமிடம் முதல் பரிமாற்றி திசை மாறிவிட்டது: குப்பியில் விழும் ஒவ்வொரு மூன்று சோடியத்துக்கும் ஒரு கால்சியம் நாருக்குள் போகிறது. சோடியம் 30 மில்லிமோலைத் தொட்டால், பரிமாற்றியால் பிடித்து வைக்கக்கூடிய கால்சிய அளவு தொடக்கத்தில் இருந்ததைவிட எட்டு மடங்கு, 0.034 மைக்ரோமோலிலிருந்து 0.27 வரை. சோடியம் இரட்டித்தால் மூன்று அயனிக்கும் சேர்த்து இரண்டின் கனம், அதனால்தான் எட்டு. தசையைச் சுருங்கவைக்கும் கால்சியத்தின் வாசல்படி அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எடை தொங்கும் முனையைக் கவனித்துக்கொண்டே எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள்.